ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்ததில் போன குரல்

அனுப்புநர்:
திருமதி எபிஃபானியா மக்காசெரோ,
க/பெ. தியோடுலோ மக்காசெரோ,
பழைய படகுத்துறைத் தெரு,
கலினாவன் நகராட்சி, தெற்கு லெய்டே, பிலிப்பைன்ஸ்.

பெறுநர்:
உயர்திரு நுகர்வோர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
மாகாண வணிக அலுவலகம்,
தெற்கு லெய்டே.

பொருள்: மெதுவாக ஓடிய கணினியைச் சரிசெய்வதாக ரெஜிஸ்ட்ரி துப்புரவு மென்பொருளை ஓட்டியதால் என் கணவர் பேச வழியற்றுப் போனது, நீக்கப்பட்டவற்றின் நகல் உள்ள பென்டிரைவை ஒப்படைக்க எழுத்துமூலம் ஆணையிட வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. என் கணவர் தியோடுலோ உயிரோடு இருக்கிறார். இதை எழுதும்போது எனக்கு எதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் ஒரே மகள் மரிவிக் இதை நம்ப மறுக்கிறாள். அதனால்தான் இந்த மனு.

2. என் கணவர் ஒலிபெருக்கி கட்டிய மூன்று சக்கர வண்டியில் ஊரைச் சுற்றி அறிவிப்புச் செய்தவர். தடுப்பூசி நாள், தண்ணீர் வராத நாள், யாருடைய பன்றி காணாமல் போனது, யார் வீட்டில் சாவு, எல்லாம் அவர் வாயால்தான் இந்த ஊருக்குத் தெரியும். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுக்க வேண்டும் என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பு, உயர்நிலைப் பள்ளியில் கணினி கற்பிக்கும் ஜோசெலின் டீச்சர் அவரைப் பல நாள் உட்காரவைத்து வாக்கியங்களைப் படிக்கச் சொல்லி ஒரு மென்பொருளில் பதிவு செய்தார். பிறகு அவர் தட்டச்சு செய்வதை அந்த மென்பொருள் அவருடைய குரலிலேயே பேசியது. கொஞ்சம் மூக்கால் பேசுவது போல இருக்கும், ஆனாலும் அவர் குரல்தான். அதற்குச் சிரிக்க மட்டும் தெரியாது. அவர் சிரிப்பை எழுத்தில் அடித்தால், பள்ளிக்கூடப் பாடம் படிப்பது போல "ஹ, ஹ, ஹ" என்று ஒப்பிக்கும். அதைக் கேட்டு நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

3. மரிவிக் வளைகுடாவில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அந்த வீட்டு எஜமானியம்மாள் அவள் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தோறும் சமையலறைத் தொலைபேசியில் பத்து நிமிடம் பேசலாம், அவ்வளவுதான். முகம் பார்த்துப் பேச வழியில்லை. எங்கள் கணினியோ பழசு. அவர் ஒரு வரி அடித்துவிட்டால் அது வெளியே வருவதற்குள் அவள் மூன்று தடவை "ஹலோ" சொல்லிவிடுவாள். கிடைக்கிற பத்து நிமிடத்தில் பாதி இப்படி மௌனத்திலேயே போகிறதே என்று அவர் புழுங்கினார். அதனால்தான் கணினியைப் பழுது பார்க்க ஆளைக் கூப்பிட்டோம்.

4. கூப்பிட்டது சந்தைக்குப் பக்கத்தில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ரோமெல் அபுயெனை. ரோமெல் எங்கள் ஞானப்பிள்ளை. ஞானஸ்நானத்தன்று என் கணவர்தான் அவனைக் கையில் ஏந்தி நின்றார். (மனுவில் ஒருமையில் எழுதுவதற்குத் தாங்கள் மன்னிக்க வேண்டும். அவனை "அவர்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை.) எங்களிடம் அவன் காசு வாங்க மாட்டான். காசு வாங்காத குறைக்கு, கேட்காததையும் சேர்த்துச் செய்துகொடுப்பான். அன்றும் வீட்டுக்கே வந்து, தன் பென்டிரைவைச் செருகி ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருளை ஓட்டினான். திரை முழுக்கச் சிவப்பாகப் பிழைகள் வந்தன. "பாருங்க நினாங், உள்ள எவ்வளவு குப்பை, இத வச்சுக்கிட்டு மிஷின் எப்படி ஓடும்?" என்றான். ஞானத்தாயை இங்கே நினாங் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பொத்தானை அழுத்தினான், சிவப்பெல்லாம் பச்சையானது. நான் கொடுத்த அரிசிப் பலகாரத்தைத் தின்றுவிட்டுப் போனான். நானும் மனதார ஆசீர்வதித்து அனுப்பினேன்.

5. கணினி முன்பு எப்படி ஊர்ந்ததோ அப்படியேதான் ஊர்ந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தபோது குரல் மென்பொருள் திறக்கவில்லை, உரிமம் எங்கே என்று கேட்டது. அதை விற்ற நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. புதிய உரிமம் தர ஆள் இல்லை. ஜோசெலின் டீச்சர் வந்து பார்த்தார். கணினி தன்னிடம் உள்ள ஒவ்வொரு மென்பொருளைப் பற்றியும் ரெஜிஸ்ட்ரியில் குறித்து வைத்திருக்குமாம். எங்கள் உரிமமும் அங்கேதான் இருந்ததாம். துப்புரவு மென்பொருள் அதை வேண்டாதது என்று நினைத்து எடுத்துவிட்டது. மெதுவாக ஓடியதற்குக் காரணம் ரெஜிஸ்ட்ரியே இல்லை, நினைவகம் போதவில்லை, வட்டு தேய்ந்துவிட்டது என்றும் சொன்னார். ரோமெலோ எத்தனையோ பேர் கணினியில் இதை ஓட்டியிருக்கிறேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்கிறான். இருக்கலாம். அவர்கள் கணினியில் யாருடைய குரலும் இல்லை.

6. ஐயா, இதற்குப் பின் நடந்ததைத் தாங்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் வீட்டில் சாவு விழுந்தால் ஒப்பந்தம் முடியும்வரை சொல்ல மாட்டோம். சொன்னால் வேலையை விட்டு ஓடிவரும், வர முடியாவிட்டால் அங்கேயே உடைந்துபோகும் என்ற பயம். எதிர்வீட்டு செல்சோ கப்பலில் இருந்தபோது அவன் அம்மா இறந்தார். அவன் கூப்பிடும் போதெல்லாம் அம்மா குளிக்கிறார், அம்மா பூசைக்குப் போயிருக்கிறார் என்று தெருவே சொன்னது. மரிவிக்கும் சொன்னாள்.

7. முதல் வெள்ளி அப்பா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்றேன். அடுத்த வெள்ளி தூங்குகிறார் என்றேன். உண்மையைச் சொன்னால் அவள் கலங்குவாள், அதற்குள் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மூன்றாவது வெள்ளி அவள் என்னைப் பேசவே விடவில்லை. "அம்மா, அப்பா செத்துட்டாரா?" என்று கேட்டாள். பதறிப்போய் நடந்ததை எல்லாம் கொட்டினேன். தொலைபேசியை அவர் காதில் வைத்தேன். அவர் மேசையைத் தட்டினார், திரும்பத் திரும்பத் தட்டினார். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "மேசைய யாரு வேணாலும் தட்டலாம்மா. செல்சோகிட்ட நாம எல்லாரும் எப்படி நடிச்சோம்னு எனக்குத் தெரியாதா?"

8. அவர் கைப்பட எழுதிய கடிதம் அனுப்பலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். அனுப்பினோம். ஆனால் அவள் படிக்கிற காலத்தில் விடுப்புக் கடிதங்களில் அவர் கையெழுத்தைப் போட்டது நான்தான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். புகைப்படம் அனுப்பினால் பழசு என்கிறாள். அக்கம்பக்கத்தார் சொன்னால், அவர்களும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்கிறாள். அவளைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

9. நவம்பர் மாதம் பூசையில் மரித்தவர்களின் பெயர்களை வாசிப்பது வழக்கம் என்பது தாங்கள் அறிந்ததே. மரிவிக்குடன் அதே தெருவில் வேலை செய்த பெண் ஒருத்தி வேலை முடிந்து ஊர் திரும்பினாள். அவள் கையில் மரிவிக் கொடுத்தனுப்பிய பூசைக் காணிக்கை உறை நேரே பங்குக் கோயில் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது; எங்களுக்குத் தெரியாது. பங்குக்குப் புதிதாக வந்த சாமியாருக்கு யார் பெயர் யாருடையது என்று தெரியாது. கடந்த நான்காம் தேதி ஞாயிறு பூசையில் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தவர் "தியோடுலோ மக்காசெரோ" என்றும் வாசித்தார். என் கணவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் எழுந்து நின்றார். இந்த ஊர்ச் சாவையெல்லாம் சொன்ன வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. வகுப்பில் பேர் கூப்பிட்டால் பையன்கள் தூக்குவது போலக் கையைத் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

10. துப்புரவு மென்பொருள் தான் எடுப்பதை ஒரு நகல் வைத்துவிட்டே எடுக்கும் என்றும், அந்த நகல் ரோமெலின் பென்டிரைவில் இருக்க வேண்டும் என்றும் ஜோசெலின் டீச்சர் சொல்கிறார். நகலைத் திரும்பப் போட்டால் உரிமம் வந்துவிடும், குரலும் வந்துவிடும். ஆனால் அதே பென்டிரைவைத்தான் அவன் தினமும் ஊரார் கணினிகளில் செருகுகிறான். பழைய நகல் என்றைக்கு அழியும் என்று யாராலும் சொல்ல முடியாது. பயத்தில் நான் ஊராட்சித் தலைவரிடம் வாய்மொழியாகப் புகார் சொன்னேன். காசு கொடுக்கவில்லை, ரசீது இல்லை, ஆகவே நீங்கள் வாடிக்கையாளரே இல்லை என்று அவர் கைவிரித்துவிட்டார். புகார் போனதைக் கேட்ட ரோமெலின் மனைவி வக்கீலிடம் ஓடினாள். கோயிலில் நடந்ததற்கு மறுநாள் ரோமெல் ரொட்டிப் பொட்டலத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தான், உள்ளே வரவில்லை. "ஆபீஸ்லருந்து ஒரு பேப்பர் வரட்டும் நினாங், அந்த நிமிஷமே ஓடிவந்து குடுத்துடறேன். சும்மா குடுத்தா நானே தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு வக்கீல் சொல்றாரு" என்றான். அவனும் அழுதான். ரொட்டியை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

11. நான் நஷ்டஈடு கேட்கவில்லை. ரோமெலின் கடையை மூட வேண்டாம். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பென்டிரைவை வேறு எதிலும் செருகாமல் அப்படியே ஜோசெலின் டீச்சரிடம் ஒப்படைக்கச் சொல்லித் தங்கள் கையொப்பத்துடன் ஒரு வரி வேண்டும். அத்துடன், ஒரு கணினி மெதுவாக ஓடுகிறது என்பதற்காக, உரியவரைக் கேட்காமல் இப்படிப்பட்ட மென்பொருளை ஓட்டக்கூடாது என்று மாகாணத்தில் உள்ள பழுதுபார்க்கும் கடைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினால் புண்ணியமாகப் போகும். அது பிறகு நடந்தாலும் சரி. அந்த ஒரு வரி வரும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

12. காரணம் இதுதான். போன வெள்ளிக்கிழமை தொலைபேசி மணி அடிக்கவில்லை. அவர் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு இருட்டும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு சிலேட்டில், "அவளைத் திட்டாதே, நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்" என்று எழுதிக் காட்டினார். மரிவிக் இப்போது அழுதுகொண்டிருப்பாள். அழுகிறவரைக்கும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அவள் திடமான பெண், ஐயா. கொஞ்ச நாளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். அப்பா இல்லாமல் இருக்கப் பழகிவிடுவாள். அவள் தேறிவிடுவதற்கு முன்னால் ஆணையிடுமாறு தங்களை இருகரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கலினாவன்
நாள்: 13.11.2018

இப்படிக்கு,
தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) எபிஃபானியா மக்காசெரோ

மேலே சொன்னவை உண்மை. நான் உயிரோடு இருக்கிறேன்.
(ஒப்பம்) தியோடுலோ மக்காசெரோ
இந்தக் கையெழுத்தை அவரே போட்டார்.