நீங்கள் கூப்பிட்டு வைத்தவர்கள்

நேற்று தீபாவளி. இன்று காலையில் எழுந்தால் வீடெல்லாம் முறுக்கு வாசம். நான் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியே வைக்கவில்லை. நீங்கள் போய் ஒரு வருசம் ஆகாத வீட்டில் பலகாரம் சுடக்கூடாதே என்று அக்கம்பக்கத்தில் ஆளாளுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பார்வதி அக்கா முறுக்கு, எதிர்வீட்டில் அதிரசம், கடைசி வீட்டிலிருந்து நெய் உருண்டை. நாம் சுட்ட எந்த வருசமும் வீட்டில் இவ்வளவு பலகாரம் இருந்ததில்லை. நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

உட்கார்ந்து எழுதவும் முடியவில்லை. இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்து கேட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன். யார் வந்து நிற்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும், நீங்கள் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

புலாவ் செபாங் ரயில் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை டாக்சியில் ஏற்றிக்கொண்டு போய் விடுவது உங்கள் வேலை. அதோடு நிறுத்தியிருக்கலாம். சீன வருசப்பிறப்பு முடிந்த கையோடு நீங்கள் தீபாவளிக்கு ஆள் கூப்பிட ஆரம்பித்துவிடுவீர்கள். "எங்க வேலை? குடும்பம் ஊர்லயா? அப்ப தீபாவளிக்கு நம்ம வீட்டுக்கு வந்துடுங்க." வழியையும் நீங்களே சொல்லிவிடுவீர்கள். பேரை மட்டும் கேட்க மாட்டீர்கள். எத்தனை பேருக்கு ஆக்குவது என்று கேட்டால், "வர்றவங்க வரட்டும்லா" என்பீர்கள். உங்களுக்கு என்ன, ஆக்குகிறவள் நான்தானே.

ஒரு வருசம் ஒரு பெண் தனியாக வந்தது நினைவிருக்கிறதா? சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதது, அழுதுகொண்டே இன்னும் கொஞ்சம் கறி கேட்டது. அது போனதும், "யாருங்க அது? ஏன் அழுதுச்சு?" என்று உங்களைப் பிடித்துக்கொண்டேன். "தெரியலை. பசிச்சிச்சு, சாப்பிட்டுச்சு" என்றீர்கள். அன்றைக்கு முழுக்க உங்களோடு நான் பேசவில்லை. எனக்கு இன்றுவரை அந்தப் பெண் ஏன் அழுதது என்று தெரியாது. அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் பங்குனியில் போனீர்கள். அதற்குள் எத்தனை பேரைக் கூப்பிட்டு வைத்தீர்களோ? போன தீபாவளிக்கு வந்தவர்களிடமும் அடுத்த வருசம் வாங்க என்று சொல்லித்தானே அனுப்பினீர்கள். சாவுக்குச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லலாம், கோயிலில் சொல்லலாம். உங்கள் டாக்சியில் ஏறி இறங்கிய ஆட்களை எங்கே போய்த் தேடுவது? நீங்கள் போய்விட்டீர்கள், நீங்கள் கூப்பிட்டது மட்டும் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நேற்றுக் காலையில் மகன் ஜொகூரிலிருந்து போன் பண்ணினான். "கேட்டைப் பூட்டிட்டு உள்ள இருங்கம்மா. யாரு வந்தாலும் திறக்காதீங்க. ஒரே ஒரு நாள்தானே." வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு என்னைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. தீபாவளி முடியட்டும் வருகிறேன் என்று நானும் சம்மதித்திருந்தேன். தனியாக இருந்து யாருக்கு ஆக்கிப் போடப் போகிறேன் என்றுதான் அப்போது தோன்றியது.

பூட்டிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் கேட்டில் தட்டுகிற சத்தம். ஜன்னல் துணியை விலக்கிப் பார்த்தால், போன வருசம் வந்தாரே, தொழிற்சாலை வாசலில் ஜாகாவாகக் காவல் நிற்கிற நேப்பாளக்காரர், அவர்தான். கூட இன்னொருவர். கையில் ஆரஞ்சுப் பழப் பை. சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. இப்படி ஒருவர் வந்து நின்றால் எப்படித்தான் உள்ளே உட்கார்ந்திருப்பது?

வெளியே போனேன். "அங்கிள் இருக்காரா?" என்று மலாயில் கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம், "எங்க ஊர்லயும் இப்படித்தான் ஆண்டி. அப்பா செத்த வருசம் பண்டிகை இல்லை, விருந்துக்குப் போகவும் கூடாது. எங்களுக்குத் தெரியாது, மன்னிச்சுக்குங்க. நாங்க போறோம்" என்றார். கும்பிட்டுவிட்டுத் திரும்பியும் விட்டார்.

காலையிலிருந்து நான் வேண்டிக்கொண்டது அதுதான். யாரும் வரக்கூடாது, வந்தாலும் தானாகப் போய்விட வேண்டும். ஆனால் அவர் முதுகைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நில்லுங்க! விருந்துக்கு யாரு கூப்பிட்டது? சோறு தின்னுட்டுப் போங்க!" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சாவியைத் தேடி எடுத்துப் பூட்டைத் திறந்தேன்.

என்ன இருந்தது வீட்டில்? எனக்கென்று வடித்த சோறும் ரசமும்தான். டின் சார்டினை உடைத்து வெங்காயம் நிறையப் போட்டு ஒரு குழம்பு வைத்தேன், முட்டை அவித்தேன். ஊரார் கொண்டுவந்த பலகாரத்தையெல்லாம் எடுத்து முன்னால் வைத்தேன். நீங்கள் உட்காருகிற நாற்காலியில் அவர்கள் உட்காரவில்லை, நான் சொல்லவும் இல்லை. கூட வந்தவர் ரசத்தை வாங்கி வாங்கிக் குடித்தார். ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் போனதிலிருந்து நேற்றுத்தான் நான் தட்டில் மறுசோறு போட்டுச் சாப்பிட்டேன்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே அவர், "அங்கிள் நல்ல மனுசன்" என்றார். நான் சும்மா தலையாட்டியிருக்க வேண்டும். "அடுத்த தீபாவளிக்கு வாங்க. அப்ப கோழிக்கறி ஆக்குவேன்" என்று சொல்லிவிட்டேன். "இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரலாமா ஆண்டி?" என்றார். "கூட்டிட்டு வாங்கலா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வருகிறான், வீடு பார்க்க ஆளோடு. வீட்டை வாடகைக்கு விட வேண்டாம் என்று இன்னும் போன் பண்ணவில்லை. கத்துவான், யாரைக் கேட்டுச் சொன்னீங்க என்பான். இத்தனை வருசம் யார் வந்து நின்றாலும், இவர் கூப்பிட்டது, நான் என்ன செய்யட்டும் என்று உங்கள் தலையில் போட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தேன். அவனிடம் அப்படிச் சொல்ல முடியாது. இந்தத் தடவை கூப்பிட்டது நான்.