ஏழு அடிக்குள் ஒரு குத்து

கிழக்குத் தாம்பரம்,
பிப்ரவரி 2004

அன்புள்ள உம்மாவுக்கு,

முதாசிர் ஸலாம் சொல்லி எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, எரிச்சல்தான்.

சினிமா ரெக்கார்டிங்கில் "டிரம்ஸைக் கொஞ்சம் அடக்கி வாசிங்க" என்கிறார்கள். கல்யாணக் கச்சேரியில் "சத்தம் பத்தலை" என்கிறார்கள். என் மனசுக்குப் பிடித்து வாசித்தது ஹேமநாத்தின் ஜாஸ் குழுவில் மட்டும்தான். நேற்று அதிலும் வம்பு.

காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரி விழா. மாதக்கணக்கில் பழகிய ஏழு அடித் தாளத்தை நாங்கள் ஆரம்பித்ததுமே பிள்ளைகள், "இன்னாண்ணா இது, ஒரு குத்து போடுங்கண்ணா" என்று கத்தினார்கள். ஹேமநாத் கோபத்தில் கிடாரோடு இறங்கிப் போய்விட்டான். மேடையில் உட்கார்ந்திருந்த நான் என்ன செய்ய? அதே ஏழு அடியைக் குத்தாக அடித்தேன். முதலில் கால் பின்னித் தடுமாறினார்கள். பிறகு பிடித்துக்கொண்டு அரங்கமே ஆடியது.

வெளியே வந்ததும் ஹேமநாத், "நம்ம மியூசிக்கைக் கல்யாண மண்டபமாக்கிட்ட. இனிமே வராத" என்றான்.

"நீ ஓடிப்போன. நான் வாசிச்சேன், அவ்வளவுதான்" என்றேன். அவன் கிடாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

நீங்கள் கவலைப்படாதீர்கள், வேறு வேலை நிறைய இருக்கிறது. இப்போதும் ரெக்கார்டிங்குக்குத்தான் ரயிலைப் பிடிக்க ஓடுகிறேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மாசிக் கருவாட்டுத்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். தங்கச்சி மாஹிராவிடம் சொல்லி, நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருப்பதை ஒரு கேசட்டில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். சண்டை போட்டாலும் பரவாயில்லை. தனியாகச் சாப்பிடும்போது போட்டுக் கேட்பேன்.

உங்கள்,
முதாசிர்