கறுப்பு உப்புப் பேணி

நாலு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. இனிமேலும் முடியாது. உன்னுடைய கறுப்பு உப்புப் பேணி ஒரு கிழமையாக என் மேசையில் இருக்கிறது. மூடியைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, ரப்பர் வளையமும் போட்டுவிட்டேன். ஆனாலும் காலையில் எழும்பினால் அறையெங்கும் அவித்த முட்டை மணம். தலையணை உறையில் மணக்கிறது. நேற்று என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபோது அதிலும் மணத்தது.

நீ போய்ப் பத்து மாதம். செத்தவீட்டுக்கு வந்து கடைசி வரிசையில் நின்றேன். முகம் பார்க்க முன்னுக்கு வரவில்லை. நீ கண்ணைத் திறந்து ‘வாடா வாத்தி’ என்று கூப்பிட்டுவிடுவாயோ என்றிருந்தது. அறிவுள்ளவன் இப்படிப் பயப்படமாட்டான் என்று தெரிந்துகொண்டே பயந்தேன்.

கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று சொன்ன ஏஜென்ட் நம் இருவரையும் டெல்லியில் ஓர் அறையில் எட்டு மாதம் போட்டுவைத்திருந்தானே, அங்கேதான் இந்த உப்பு நமக்குப் பழக்கமானது. சந்தி முனையில் மதுராக்காரர் ஒருவரின் கோல்கப்பா வண்டி. சின்னப் பூரியைப் பெருவிரலால் உடைத்து, அவித்த உருளைக்கிழங்கும் கடலையும் வைத்து, புதினாவும் புளியும் கறுப்பு உப்பும் கரைத்த தண்ணீரில் முக்கி ஒவ்வொன்றாக நீட்டுவார். வாயிலிருப்பது இறங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். எல்லாம் முடிந்தபின் தண்ணீர் விடாத ஒரு பூரி, கிழங்கும் உப்பும் மட்டும் வைத்து, சும்மா தருவார். அதைத் தின்றால்தான் சாப்பாடு முடிந்ததாம். தின்னாமல் போனவன் எங்கே போனாலும் அதற்காகத் திரும்பி வரவேண்டியிருக்கும் என்பார். எண்ணெயைப் பற்றியும் ஒன்று சொல்வார்: “எண்ணெய்க்கு ஞாபகம் உண்டு.”

நீ பின்னேரங்களில் அவருக்கு மா பிசைந்து கொடுத்துக் கை பழகினாய். நான் அறைக்குள் இருந்து ஆங்கில அகராதி படித்தேன். உனக்கான விண்ணப்பங்களையும் நான்தான் எழுதினேன். வெள்ளைத்தாளில் பென்சிலால் கோடு கீறி, மையால் எழுதி, காய்ந்த பிறகு கோட்டை அழிப்பது என் வழக்கம். “தக்காளி வாங்கப் போற துண்டுக்கும் கோடு கீறோணுமோடா வாத்தி?” என்று சிரிப்பாய்.

பிறகு கனடா வந்து, பார்க் எக்ஸ்டென்ஷனில் நம் கடை. மதுராவில் போடுகிற மாதிரி வெங்காயம் உள்ளி படாத கச்சோரி, சோலே, பட்டூரா, ஆலு டிக்கி, சனி ஞாயிறில் கோல்கப்பா. கோயிலுக்குப் போய்விட்டு வரும் குஜராத்திக் குடும்பங்கள் பனிக்குள்ளும் வரிசையில் நின்றன. நம்முடைய ஆட்கள்தான் வாசலில் மூக்கைச் சுளிப்பார்கள்.

“என்ன தம்பி, சுத்த சைவம் எண்டு எழுதிப்போட்டு முட்டை மணக்குது?”

“அது உப்பு அண்ணை. கோழிக்குத் தெரியாத முட்டை” என்பாய் நீ.

கடை முழுவதும் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

இனி நான் மறக்காத விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்ப் பத்திரிகை ஒன்று உன்னைப் பேட்டி எடுத்தது. டெல்லியில் பட்ட பாட்டைச் சொல்லியிருந்தாய். அறை, வண்டி, மதுராக்காரர் எல்லாம் இருந்தன. நான் இல்லை. ‘தனிய எட்டு மாதம் கிடந்தனான்’ என்று அச்சிலிருந்தது. அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்து என் கையிலேயே தந்து, “படம் வடிவாய் வந்திருக்கு, என்ன?” என்று கேட்டாய். ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. செத்துப்போனாய் என்பதற்காக அதை மன்னிக்கிற ஆள் நான் இல்லை.

இரண்டு கிழமை கழித்து நான் வேலையை விட்டேன். ஏப்ரனைக் கழற்றிக் கொழுவிவிட்டு வாசலுக்கு வரும்போது, ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீர் விடாத பூரி ஒன்றை நீட்டினாய்.

“கடைசிப் பூரி. திண்டிட்டுப் போடா.”

“நீயே தனியத் தின்.”

உன் கை நீட்டியபடி நின்றதைக் கண்ணாடிக் கதவினூடாகத் திரும்பிப் பார்த்தேன். தெருமுனை திரும்பும்வரை அது இறங்கவில்லை.

அந்த மாதமே குஜராத்திக் கோயில் நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஆறு வரி போனது. இந்தக் கடையில் பட்டூரா பொரிக்கும் எண்ணெயில் மீன் பொரிக்கிறார்கள் என்று. கையொப்பம் இல்லை. அடுத்த ஞாயிறு வரிசை பாதியானது. பனி கரையுமுன் கடையைப் பூட்டினாய். பிறகு சாப்பாட்டுப் பெட்டி அடைக்கும் இடமொன்றில் குளிர் அறை வேலை, அங்கேதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய்.

போன ஞாயிறு மத்தியானம் உன் மனைவி சாந்தி கர்க்லாண்டிலிருந்து நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் என் அறைக்கு வந்தாள். கையில் பேணி.

“இரும் சாந்தி. தேத்தண்ணி போடட்டே?”

“வேண்டாம் அண்ணை. மகள் கீழ காருக்குள்ள நிக்கிறாள். இவரின்ரை உடுப்பு அலுமாரிக்குள்ள இது கிடந்தது. திறந்து பாருங்கோ.”

உப்புக்குள் புதைந்து ஒரு பொலித்தீன் பை, அதற்குள் மடித்த தாள். கோயில்காரர்கள் அதை உன்னிடமே தந்திருக்கிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. விரித்தேன். என்னுடைய ஆறு வரிகள், மை கொஞ்சமும் மங்காமல்.

“நீங்கள் படிச்சனீங்கள். உது ஆரின்ரை எழுத்தெண்டு ஒருக்கால் பாருங்கோ.”

“இங்கிலிஷ் பெரிய எழுத்து எல்லாரின்ரையும் ஒரே மாதிரித்தானே.”

“பின்பக்கம் பாருங்கோ.”

பின்னால் உன் கோணல் தமிழ். ஒரே வரி: ‘கடைசிப் பூரி எடுக்காமல் போயிட்டான்.’

“போயிட்டான் எண்டு எழுதியிருக்கிறார். அப்ப ஆளைத் தெரிஞ்சிருக்கு, என்ன? சாகுமட்டும் எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லை, பாருங்கோ.” தாளை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். “பென்சிலாலை கோடு கீறி அழிச்சும் இருக்கு. பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி.”

அவளுக்கு நேர் எதிரே குளிர்சாதனப்பெட்டிக் கதவில் என் சாமான் துண்டு ஒட்டியிருந்தது. பால், பாண், வெங்காயம். கோடு அழிக்காதது. அவளுடைய பார்வை அங்கே போனதா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

“தெரியேல்லைச் சாந்தி” என்றேன்.

“எனக்கு அவனை ஏசோணும் எண்டு இல்லை அண்ணை. ஒண்டுதான் கேக்கோணும். மகளின்ரை பிறந்தநாளுக்கு நான் பொரிக்கக் குடுத்துவிட்ட மீன் கட்லட்டை இவர் மறந்துபோய்ப் பட்டூராச் சட்டியிலை போட்டிட்டாராம். பேந்து அவ்வளவு எண்ணெயையும் ஊத்தி, சட்டியைத் தேய்ச்சு, அண்டைக்கு ஒரு பட்டூராவும் விக்கேல்லை. அது தெரியாமல் எழுதினவனோ, தெரிஞ்சுகொண்டு எழுதினவனோ?”

அவள் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பேணி வீட்டுக்குள் மணக்கிறது, நீங்களே வைத்திருங்கள் என்று விட்டுப்போனாள்.

இவர் மறந்துபோய்ப் போட்டிட்டாராம். அந்தச் சனிக்கிழமை நீ புதினா வாங்க ஜான்-டலோன் சந்தைக்குப் போயிருந்தாய். நம் சொந்தச் சமையலுக்கு வைத்திருந்த மற்றச் சட்டி கழுவாமல் கிடந்தது. கட்லட்டுகளைப் பட்டூராச் சட்டியில் இறக்கியது என் கை. நீ உள்ளே வந்து ஒருதரம் மூச்சை இழுத்தாய். ஒன்றும் கேட்காமல் எண்ணெயைத் தகரத்தில் ஊற்றினாய். “ஆருக்கும் சொல்லாதை” என்றாய். அதை உன் பெயரில் போட்டுக்கொண்டு வீட்டில் சொல்லியிருப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை.

மூன்று நாட்களுக்கு முன் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் போனேன். கால் போனது என்றுதான் சொல்லவேண்டும். நம் கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு தெப்பனர், பாலும் சிகரெட்டும் விற்கிற மூலைக்கடை. கதவைத் திறந்த உடனே அதே மணம். சுவருக்கு மூன்று முறை வர்ணம் அடித்தும் போகவில்லை என்று கல்லாவில் நின்றவன் அலுத்துக்கொண்டான். நான்கு கட்டடம் தள்ளி ஒரு பஞ்சாபி இனிப்புக் கடையில் கோல்கப்பா போடுகிறார்கள். நின்று ஆறு தின்றேன். தண்ணீரில் புளி கூடிவிட்டது. திரும்பி நடந்தபோது போடுகிறவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். கடைசிப் பூரி. வழக்கம்தான், தெரியும்.

அவர் நீட்டிய தொன்னையில் இரண்டு இருந்தன.

“ஒன்றுதானே?” என்றேன் என் டெல்லி இந்தியில்.

“நீங்கள் இரண்டு பேர்தானே வந்தீர்கள்?” என்றார், என் தோளுக்குப் பக்கத்தில் பார்த்தபடி. கூட்ட நேரம், வேறு யாரையோ நினைத்திருப்பார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்றை அங்கேயே நின்று தின்றேன். என்னுடையது, நாலு வருடம் பிந்தியது. மற்றது பேணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் நமுத்துப்போகவில்லை. ஹீட்டர் சூட்டில் வீட்டுக் காற்று காய்ந்து கிடக்கிறது, அதனால்தான் என்று எனக்கு நானே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன். காலையில் பார்த்தபோது அது சுவர்ப் பக்கத்திலிருந்து மேசை விளிம்புக்கு வந்திருந்தது. கீழே பெரிய வாகனங்கள் போகும்போது மேசை அதிரும்.

உறையில் உன் பெயரும் கர்க்லாண்ட் விலாசமும் எழுதிவிட்டேன். பிரிப்பது சாந்தியாகத்தான் இருக்கும். சாந்தி, நீர் கேட்டதற்குப் பதில்: தெரிந்துகொண்டுதான் எழுதினான். கட்லட்டைப் போட்டவனும் அவன்தான்.

பேட்டியில் நீ என்னை விட்டதை இப்போதும் மறக்கவில்லை. அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். இதற்கும் கையொப்பம் போடப்போவதில்லை. தாள் முழுக்கப் பென்சில் கோடுகள் இருக்கின்றன. அழிறப்பரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மேசை லாச்சிக்குள் போட்டேன். கோடுகள் அப்படியே இருக்கட்டும். தபால்பெட்டி தெருமுனையில்தான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போகிறேன்.