பத்தாவது ஆள்

பரானா, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மிர்த்தாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறேன், மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இந்த ஆகஸ்டுக் குளிர்காலத்தில் குளிர் அதிகம், எலுமிச்சை மரம் கருகிவிட்டது, அடியில் துளிர் தெரிகிறது என்று பக்கத்து வீட்டு நெலிதா சொல்கிறாள். இரண்டு வாரமாக போனில் சரியாகப் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டாய். வெட்கம் அம்மா, வேறொன்றுமில்லை. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஊர்ப் பத்திரிகை விவகாரம் உனக்குத் தெரியும். லாரி மோதிய வழக்கில் மற்றவர்களை வெறும் பெயரோடு விட்டுவிட்டு ஃபெல்ட்மானை மட்டும் யூத வியாபாரி என்று போட்டிருந்தார்கள். யூதர் என்பது வசை இல்லை, ஆனால் தேவையில்லாத இடத்தில் ஒட்டினால் ஆளைத் தனியே பிரித்து நிறுத்துவதுதான் என்று பத்திரிகைக்கு எழுதினேன். ஆசிரியர் வீடு தேடி வந்து வருத்தம் சொன்னார். அது போதாது, ஊரறிய எழுதியதை ஊரறியத் திருத்துங்கள் என்று பிடிவாதம் பிடித்து அச்சில் போடவைத்தேன். அதை வெட்டி உனக்கும் அனுப்பினேன், அவ்வளவு தலைக்கனம்.

அதற்கு அடுத்த வாரம் உன் அம்மா பெர்த்தாவின் நினைவு நாள் வந்தது. அவளுக்காகக் கதீஷ் ஜெபம் சொல்ல ஜெபாலயத்தில் பத்து ஆண்கள் வேண்டும், இப்போதெல்லாம் பத்துப் பேர் சேர்வதே பெரும்பாடு. ஆட்களை எண் சொல்லி எண்ணுவது நமக்கு வழக்கமில்லையே, பத்துச் சொல் உள்ள அந்த ஜெப வரியை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஒன்பதாவது சொல்லில் நின்றது. இன்னும் ஒருவர் வரட்டும் என்றேன். கிழவர் ஹகோபோ, "ஏம்ப்பா சாலமோன், ஒஸ்வால்தோ உக்காந்திருக்காரே, கண்ணு தெரியலையா?" என்றார். நான் சொன்னேன், "நான் நம்ம ஆளுங்களைச் சொன்னேன்."

ஒஸ்வால்தோ நாலு வருஷம் படித்து, ஜெருசலேம் வரைக்கும் போய், மதகுருக்களான ரபீக்கள் முன் நின்று யூதரானவர். நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவருக்கு எபிரெய எழுத்துச் சொல்லிக் கொடுத்தது உன் அம்மா. அப்படி வந்தவரிடம் முன்பு யூதரல்லாதவர் என்பதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்பது நம் சட்டம், அதை உனக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்ததே நான்தான். வாய் தவறிவிட்டது என்று சொல்லலாம். பொய். பார்த்துத்தான் தாண்டினேன். இத்தனை வருஷமும் அவரை மனசுக்குள் விருந்தாளியாகத்தான் வைத்திருந்திருக்கிறேன்.

அவர் எழுந்து போகவில்லை. ஹகோபோவின் பக்கத்தில் வந்து நின்றார், நான் கதீஷ் சொன்னேன், அவர் ஆமென் சொன்னார். அவர் போயிருந்தால் உன் அம்மாவுக்கு அன்று கதீஷே இல்லை. அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மாத்தே தேநீர் ஊற்றிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "பெர்த்தா அம்மாவுக்காகத்தான் அன்னிக்கு எந்திரிச்சுப் போகல. நீங்க சொன்னது எல்லார் முன்னாடியும். மன்னிப்ப மட்டும் என் சமையக்கட்டுல வந்து கேக்குறீங்களே" என்றார். பத்திரிகை விஷயத்தை அவர் எடுக்கவில்லை, எனக்கே உறைத்தது. சனிக்கிழமை எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றேன். சொல்லுங்கள், நான் வருவது பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

எனக்காக அவருக்கு போன் செய்து பரிந்து பேசாதே. மன்னிப்பை மூன்று முறையாவது கேட்கவேண்டும் என்பார்கள், நான் கணக்குப் பார்க்காமல் கேட்பேன். ஹீட்டர் காற்றில் தூங்காதே, மாப்பிள்ளையை முதுகு வலிக்கு வைத்தியரைப் பார்க்கச் சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும் காத்து, மனசமாதானம் தரட்டும்.

நேற்று ஜெபாலயத்தில் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒஸ்வால்தோ வரவில்லை. அவர் இல்லாமல் நாங்கள் ஒன்பது பேர்தான், அதற்கும் பத்துப் பேர் வேண்டுமே, வேதச் சுருளை வெளியே எடுக்காமலே வீட்டுக்குப் போனோம்.

உன் அப்பா,
சாலமோன்