பின்பலகையின் உயரம்

அன்புள்ள ஒப்தூலியா,

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? அத்தைக்கு முட்டிவலி தேவலையா? இங்கே டெக்சஸில் வெயிலும் வேலையும்தான். தூங்கி எழுந்தாலும் அசதி போவதில்லை.

நேற்று பட்டறையில் ஒரு படகின் பின்பலகைக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஜாக் பிளேட் என்ற தூக்குத் தகடு மாட்டினோம். ஆழமில்லாத இடத்தில் தரை தட்டாதபடி மோட்டாரை மேலே தூக்கிக்கொள்ளலாம். மாட்டும்போது சங்கிலி நழுவி மோட்டார் என் இடது கையில் லேசாக உட்கார்ந்துவிட்டது. "மோட்டாரைத் தாங்க பிளேட் இருக்கு, நீ ஏன்யா கையைக் குடுத்தே?" என்று திட்டிக்கொண்டே கூட வேலை செய்யும் ரமீரோ கட்டுப் போட்டான். பயப்படாதே, இடது கைதான்.

நம் படகும் காயல் முகத்தில் தரை தட்டுகிறதே, வரும்போது ஒன்று வாங்கி வருகிறேன். பின்பலகையின் உயரத்தை அளந்து எழுது. டேப் தேட வேண்டாம், உன் சாணாலேயே அள. அது எவ்வளவு என்று என் முதுகுக்குத் தெரியும்.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

உன்
எலூத்தேரியோ