சாமியை ஒட்டாத கடைக்காரர்

ஆகஸ்ட் 23, சனி

செட்டிகுளத்தில் வாங்கிய பித்தளை முருகனைக் காரின் டேஷ்போர்டில், கணவர் உட்காரும் பக்கம் ஒட்டித்தரச் சொல்லி, பெரம்பலூர் சீட் கவர் கடைக்குப் போனோம். கடைக்காரர் மறுத்துவிட்டார்.

"உள்ள ஏர்பேக் இருக்குங்க மேடம். வண்டி மோதி அது வெடிச்சா, சாமி சார் மூஞ்சிலதான் வந்து உக்காருவாரு. வீட்ல பூஜை அலமாரியில வச்சிடுங்க."

வேறு எதையோ விற்கப் பார்க்கிறார் என்று நினைத்து, முகம் கொடுக்காமல் கிளம்பினேன். அவர் எதையும் விற்கவில்லை.

அரியலூர் திரும்பும் வழியில் முன்னால் போன சிமென்ட் லாரி சட்டென்று நின்றது. பிரேக்கை அழுத்தினேன். ஒரு முழ இடைவெளியில் தப்பித்தோம். "முருகா!" என்று அலறினார் கணவர். முருகன் என் கைப்பையில் இருந்தார்.

கணவர் இப்போது குறட்டை விடுகிறார். கடைக்காரருக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை.