மூன்றாவது கட்டத்தில் நம் மாகாணம்

சியோல்

அன்புள்ள அப்பாவுக்கு,

மந்தை குளிரைத் தாங்குகிறதா? புற்று பரவிய இடுப்பெலும்பில் வலி எப்படியிருக்கிறது? நான் நலம்.

எங்கள் வலி மருத்துவர் சங்கம் உலகத்துக்கே பத்தாண்டுத் திட்டம் போட்டுவிட்டது. நம் ஊருக்கு மார்ஃபின் வலிமருந்து எப்போது வரும் என்று கேட்டேன்.

“மங்கோலியாவோட மேற்கு மாகாணங்கள் மூணாவது கட்டத்துல வருது, டாக்டர். எட்டு வருஷம் பொறுங்க” என்றார் தலைவர். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான்.

“எட்டு வருஷமா? இந்த வசந்தத்தைப் பார்த்தாலே பெருசுடி” என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

கொஞ்சம் உலர்தயிர்க் கட்டி அனுப்புங்கள். இங்கே எதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை.

வலி தாங்காமல் சேணவாரைக் கடிக்கிறீர்களாம், அம்மா சொன்னாள். பல் உடைந்துவிடும். கம்பளித் துணியைச் சுருட்டிக் கடியுங்கள். மருத்துவராக இப்போதைக்கு என்னால் எழுதித் தர முடிந்தது அதுதான்.

கூட்டத்துக்கு அழைக்கிறார்கள்.

உங்கள் சொலொங்கோ